வெளியூரில் சிதறிக் கிடக்கும் கிளப் ஆட்களை வைத்து ஆன்லைனில் செஸ் ஏணிப் போட்டி: விதி வைக்க யோசனை சொல்லுங்கள்

கோவில்பட்டி_யானை

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டியில் சின்னதாக ஒரு செஸ் கிளப் நடத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவோம். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆறு போர்டு விரிப்போம். பட்டியலில் 24 பேர் இருக்கிறார்கள், மாடி ஏறி வருகிறவர்கள் எட்டுப் பத்துப் பேர்தான். மற்றவர்கள் செஸ்ஸை விட்டவர்கள் இல்லை, படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் ஊரை விட்டவர்கள். கோவையில் கல்லூரிப் பிள்ளைகள், சென்னையிலும் ஓசூரிலும் வேலை பார்ப்பவர்கள், சிங்கப்பூரில் ஒருவர், ஷார்ஜாவில் ஒருவர். ஊரிலேயே இருந்தும் ஜவுளிக் கடையில் வேலை முடிந்து வர இரவு பத்து மணி ஆகிறவரும் உண்டு.

இவர்களை விட்டுவிட மனசில்லை. லிசெஸ் என்கிற செஸ் இணையதளத்தில் ஒரு டீம் தொடங்கி, ஞாயிறு இரவு அரீனா (குறித்த நேரத்துக்குள் அடுத்தடுத்து ஆடுகிற போட்டி) வைத்துப் பார்த்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் சிக்கல். ஒருவருக்கு ஷிஃப்ட், ஒருவருக்குக் கல்யாண வீடு, சிங்கப்பூர்க்காரருக்கு நள்ளிரவு. சுற்றுச் சுற்றாக ஜோடி போடுகிற ஸ்விஸ் முறை வைத்தாலும் இதே கதைதான். அதனால் ஏணிப் போட்டி வைக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. 24 பேரையும் வரிசையாக நிறுத்த வேண்டியது, கீழே இருப்பவர் மேலே இருப்பவரைச் சவாலுக்கு அழைக்க வேண்டியது, இருவருக்கும் தோதான நேரத்தில் ஆடவேண்டியது, ஜெயித்தால் மேலே ஏற வேண்டியது. அடிப்படை புரிகிறது. உட்கார்ந்து விதி எழுத ஆரம்பித்தால்தான் வரிக்கு வரி கேள்வி முளைக்கிறது.

முதலில் யாரை எந்தப் படியில் நிறுத்துவது? எங்களில் நான்கு பேருக்கு ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங், அதாவது ஆட்ட பலத்தைக் காட்டும் எண், இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை. எத்தனை படி மேலே வரை சவால் விடலாம்? மேலே இருப்பவர் 'இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் பார்ப்போம்' என்றே ஓட்டினால் என்ன செய்வது? டிரா ஆனால்? நடுவில் நெட் போனால்? நடத்திப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள். கிளப்பில் பெரியவர்களும் உண்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் உண்டு. எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

உறையூர்_குதிரை

தம்பி, வணக்கம். நான் திருச்சியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் கூட்டத்துக்கு ஏணி நடத்துகிற பொறுப்பு என்னிடம்தான் இருக்கிறது. ஆசையாகச் செய்கிற வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாக்-அவுட்டில் தோற்றவர் அன்றைக்கே வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுகிறார். ஏணியில் கடைசிப் படியில் நிற்பவருக்கும் அடுத்த ஆட்டம் காத்திருக்கிறது, அதுவும் தன் பலத்துக்கு ஒட்டிய ஆளோடு. இதற்காகத்தான் நான் ஏணியை விரும்புகிறேன். நீங்கள் எந்த விதியை எழுதினாலும், 'இதனால் ஆட்டம் கூடுமா, குறையுமா' என்று கேட்டுப் பாருங்கள். குறையும் என்றால் அந்த விதி எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

ஆரம்ப வரிசைக்கு ரொம்ப மண்டையை உடைக்காதீர்கள். ஆன்லைன் ரேட்டிங்கை மட்டும் பார்த்து அடுக்கினால் தப்பாகும். லிசெஸ்ஸில் புதுக் கணக்கு தொடங்கினால் எல்லோருக்கும் 1500-தான், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும். அந்தக் கேள்விக்குறி போகிற வரை அந்த எண்ணை நம்ப முடியாது. ஃபிடே ரேட்டிங்கிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 மார்ச்சில் குறைந்தபட்ச ரேட்டிங்கை 1000-இலிருந்து 1400-க்கு உயர்த்தி, 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் கூட்டிக் கொடுத்தார்கள். 2000-க்கு எவ்வளவு குறைவோ அதில் பத்தில் நான்கு பங்கு சேர்ந்தது. அதாவது 1150-இல் இருந்தவர் ஒரே நாளில் 1490 ஆனார். ஆகவே ஒருவர் தன் பழைய எண்ணையும் இன்னொருவர் புது எண்ணையும் சொன்னால் வரிசை கோணலாகிவிடும். என் யோசனை: மாடியில் வழக்கமாக ஆடுகிற மூன்று பேர் உட்கார்ந்து, யார் யாரை அடிக்கடி ஜெயிக்கிறார்கள் என்று பேசி ஒரு வரிசை போடுங்கள். சந்தேகம் வந்தால் இளையவரை மேலே வையுங்கள், அவர்களுக்குச் சவால்கள் நிறைய வரும். இரண்டு மாதத்தில் ஏணி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்.

எத்தனை படி மேலே என்பதுதான் கணக்குப் போட வேண்டிய இடம். 24 பேர் இருக்கிறீர்கள். மூன்று படிக்குள்தான் சவால் விடலாம் என்று வைத்தால், கடைசியில் இருப்பவர் முதல் படிக்கு வர 23 படி ஏற வேண்டும். ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் போனாலும் எட்டு வெற்றி. இரண்டு வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்றால் நான்கு மாதம் ஆகிவிடும். நன்றாக ஆடுகிற பையன் ஒருவன் தெரியாமல் கீழே மாட்டிக்கொண்டால் அதற்குள் சலித்துவிடுவான். அதனால் கீழ்ப் பாதியில் ஐந்து படி வரை, மேல் பாதியில் மூன்று படி வரை, முதல் ஐந்து இடங்களுக்குள் மட்டும் இரண்டு படி என்று வையுங்கள். உச்சியில் இறுக்கமாகவும் கீழே தாராளமாகவும் இருக்கட்டும்.

அடுத்தது, ஜெயித்தால் இடம் எப்படி மாறும்? இதில் இரண்டு வழக்கம் இருக்கிறது. 12-ஆம் படிக்காரர் 9-ஆம் படிக்காரரை ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இடம் மாற்றிக்கொள்வது ஒரு வகை. தோற்றவர் ஒரே ஆட்டத்தில் மூன்று படி சறுக்குவார். பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி இருக்கும், அடுத்த சவாலை ஏற்கப் பயப்படுவார். ஜெயித்தவரை 9-இல் செருகிவிட்டு 9, 10, 11-இல் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு படி இறங்குவது இன்னொரு வகை. நான் இதைத்தான் சொல்வேன். தோற்றவருக்கு ஒரு படிதான் நஷ்டம். 10, 11-இல் இருப்பவர்கள் ஆடாமலே இறங்குகிறார்களே என்று கேட்பார்கள். அது நல்லதுதான். சும்மா இருப்பவர் மெதுவாகக் கீழே நழுவிக்கொண்டே இருப்பார், தனியாக அபராதம் எதுவும் போட வேண்டாம். இறங்கியவர் ஒரு சவால் விட்டால் திரும்ப ஏறிக்கொள்ளலாம்.

தட்டிக் கழிப்பவர்களுக்கு நாள் கணக்கு ஒன்றுதான் மருந்து. சவால் வந்த மூன்று நாளுக்குள் பதில், பத்து நாளுக்குள் ஆட்டம். சவால் விடுபவர் 'எப்ப ஃப்ரீ?' என்று கேட்கக் கூடாது. மூன்று நேரங்களைத் தேதியோடு எழுத வேண்டும். எதிராளி அதில் ஒன்றை எடுக்க வேண்டும், இல்லையென்றால் தன் பக்கத்திலிருந்து மூன்று நேரம் சொல்ல வேண்டும். பத்து நாளும் போய்விட்டால் வாக்ஓவர், சவால் விட்டவர் மேலே போவார். கடுமையாகத் தெரியும், ஆனால் இது எழுத்தில் இல்லாத ஏணி ஒரு மாதத்தில் உறைந்துவிடும். பரீட்சை, பிரசவம், வீட்டில் துக்கம் என்றால் குழுவில் ஒரு வரி எழுதி ஒரு மாதம் விடுப்பு எடுக்கலாம். விடுப்பில் இருப்பவரைப் படிக் கணக்கில் சேர்க்காமல் தாண்டிப் போய்ச் சவால் விடலாம். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிப்ரவரியும் மார்ச்சும் கேட்காமலே விடுப்பு கொடுத்துவிடுங்கள்.

ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு சவால்தான். தோற்றால் அதே ஆளை உடனே திரும்ப அழைக்கக் கூடாது, நடுவில் வேறு ஒருவரோடு ஆடியிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேர் மாற்றி மாற்றித் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருப்பார்கள்.

ஷார்ஜா_சிப்பாய்

வாத்தியார் ஐயா சொன்ன மூன்று நேரம் யோசனை அருமை. நான் கல்ஃபிலிருந்து எங்கள் ஊர்க் குழுவில் ஆடுகிறேன். கோவில்பட்டி அண்ணாச்சி, உங்கள் ஆள் ஒருவர் இங்கே இருக்கிறார் என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். எல்லா நேரமும் இந்திய நேரத்தில்தான் எழுத வேண்டும் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். இங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். நீங்கள் இரவு ஒன்பது மணி என்று வைத்தால் சிங்கப்பூரில் பதினொன்றரை. ஏழரை மணி என்றால் இங்கே ஆறு, அங்கே பத்து. மூன்று இடத்துக்கும் ஒத்துவருகிற நேரம் அதுதான்.

டைம் கண்ட்ரோல் 15+10 வையுங்கள். பதினைந்து நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் பத்து வினாடி கூடுதல். அறுபது மூவ் போனாலும் ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம்தான், மொத்தம் ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஷிஃப்ட் முடிந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஆடலாம். பிளிட்ஸ் என்கிற மூன்று, ஐந்து நிமிட ஆட்டம் வேண்டாம் அண்ணாச்சி. ஃபோனில் விரல் வேகத்துக்கும் நெட் வேகத்துக்கும்தான் அது போட்டியாகப் போய்விடும். வயசானவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். கூடுதல் வினாடி இல்லாத ஆட்டமும் வேண்டாம். யானையும் ராஜாவும் வைத்துக்கொண்டு சும்மா நேரத்தை ஓட்டி ஜெயிப்பவரைப் பார்த்தால் வயிறு எரியும்.

இன்னொன்று. ரேட்டிங் சேராத ஆட்டமாக வையுங்கள். 'என் 1800 போயிடும்' என்று பயந்தே பலர் சவாலை ஏற்பதில்லை. ஏணியில் படிதான் பணயம், அது போதும். ஆனால் ரேட்டிங் சேராத ஆட்டத்தில் மூவைத் திரும்ப எடுக்கிற வசதி திறந்திருக்கும். செட்டிங்கில் அதை அடைத்து வைக்கச் சொல்லுங்கள். எதிராளிக்குப் பதினைந்து வினாடி கூட்டிக் கொடுக்கிற பட்டனையும் யாரும் தொடக் கூடாது. நல்ல மனசில்தான் அழுத்துவார்கள், பிறகு தோற்றதும் வருத்தப்படுவார்கள். ஃபோனில் ஆடுகிறவர்கள், மூவை உறுதிசெய்து அனுப்புகிற செட்டிங்கைப் போட்டுக்கொண்டால் கை தவறிக் காய் போகாது.

கோவில்பட்டி_யானை

ஐயாவுக்கும் ஷார்ஜா தம்பிக்கும் ரொம்ப நன்றி. செருகுகிற முறை எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, இரவே வாட்ஸ்அப்பில் பேசினோம். ஆனால் டிராவைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. டிரா ஆனால் மேலே இருப்பவரே ஜெயித்த மாதிரி என்கிறார் ஒருவர். அப்படியானால் மேலே இருப்பவர் முதல் மூவிலிருந்தே டிராவுக்குத்தானே ஆடுவார் என்கிறான் கல்லூரித் தம்பி. டிரா ஆனால் உடனே பிளிட்ஸ் வைத்துத் தீர்த்துவிடலாம் என்று இன்னொரு கட்சி.

ஐயா, இன்னொரு குழப்பமும் வந்தது. 14-ஆம் படிக்காரர் 11-ஐச் சவாலுக்கு அழைக்கிறார். ஆட்டம் நடப்பதற்குள் 13-இல் இருப்பவர் 10-ஐ ஜெயித்து மேலே போய்விடுகிறார். இப்போது படி எண்ணெல்லாம் மாறிவிட்டது. எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது?

உறையூர்_குதிரை

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். சவால் விடுகிற அன்று தூரம் சரியாக இருந்தால் போதும், அதற்குப் பிறகு படி மாறினாலும் சவால் செல்லும். ஆட்டம் முடிகிற நேரத்தில் யார் எங்கே நிற்கிறார்களோ அதை வைத்து இடம் மாற்றுங்கள். உங்கள் உதாரணத்தில் 13 போய் 10-இல் செருகப்பட்டார், 10 இருந்தவர் 11 ஆனார், 11 இருந்தவர் 12 ஆனார், 12 இருந்தவர் 13 ஆனார். 14 அப்படியே 14. இப்போது 14-ஆம் படிக்காரர் ஜெயித்தால் எதிராளி நிற்கிற 12-க்குப் போவார், அவ்வளவுதான்.   

டிரா விஷயம் அப்படி இல்லை, அதில்தான் செஸ் ஏணி மற்ற ஏணிகளிலிருந்து வேறுபடுகிறது. டென்னிஸ், ஸ்குவாஷ் கிளப்களில் ஏணி ரொம்பப் பழக்கமான விஷயம். அங்கே ஒருவர் ஜெயித்தே ஆக வேண்டும். அந்த விதியை அப்படியே கொண்டுவந்து செஸ்ஸில் வைத்தால் இந்த இடத்தில் இடிக்கும்.

டிரா என்றால் இடத்தை வைத்திருப்பவருக்கே இடம் என்பது ஒன்றும் புதிதில்லை. உலகப் பட்டத்துக்கே அப்படித்தான் இருந்தது. 1951-இல் பிரான்ஸ்டைனோடும் 1954-இல் ஸ்மிஸ்லாவோடும் போட்வின்னிக் 12-12 என்று சமமாக முடித்து, பட்டத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1987-இல் ஸ்பெயினின் செவில் நகரில் காஸ்பரோவ் நிலைமை இன்னும் மோசம். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் கார்ப்பவ் ஒரு புள்ளி முன்னால் இருந்தார். 24-ஆம் ஆட்டத்தை ஜெயித்து 12-12 ஆக்கிப் பட்டத்தைக் காப்பாற்றினார் காஸ்பரோவ். ஆனால் அதெல்லாம் 24 ஆட்டம் கொண்ட போட்டி. 24 ஆட்டத்திலும் முன்னால் வர முடியவில்லை என்றால் பட்டம் கேட்க முடியாது என்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் ஏணியில் ஒரே ஆட்டம். உங்கள் கல்லூரித் தம்பி சொல்வது சரிதான். மேலே இருப்பவர் காய்களை வெட்டி வெட்டிக் குறைத்து டிராவுக்கு இழுப்பார்.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். சவால் விட்டவருக்கு எப்போதும் வெள்ளைக் காய் கொடுங்கள். லிசெஸ்ஸில் சவால் அனுப்பும்போதே நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைக்கு இருக்கிற சின்னச் சாதகம் ஏறுகிறவருக்குப் போகட்டும். ஒருவர் மேலேயும் சவால் விடுவார், கீழேயிருந்தும் சவால் ஏற்பார், ஆகவே இரண்டு நிறமும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்துவிடும். இரண்டாவது, டிரா ஆனால் எதிராளி தன் படியிலேயே இருக்கட்டும், சவால் விட்டவர் அவருக்கு நேர் கீழே வந்து நிற்கட்டும். 12-ஆம் படிக்காரர் 9-ஆம் படிக்காரரோடு டிரா செய்தால் 10-க்கு வந்துவிடுவார். பலசாலியோடு டிரா செய்வதற்கு ஒரு பலன் உண்டு, மேலே இருப்பவருக்கும் மானம் போகவில்லை. ஏற்கெனவே நேர் கீழே இருப்பவர் டிரா செய்தால் மட்டும் ஒன்றும் மாறாது.

இந்த விதியை வைத்த பிறகு எங்கள் ஏணியில் நான் பார்த்த மாற்றத்தைச் சொல்கிறேன். கீழே இருக்கிற பிள்ளைகள் எண்டுகேம், அதாவது காய்கள் குறைந்த பிறகு வருகிற கடைசிக் கட்ட ஆட்டம், படிக்க ஆரம்பித்தார்கள். முன்பு யானை எண்டுகேமில் ஒரு சிப்பாய் குறைந்தால் ரிசைன் செய்துவிடுவார்கள். இப்போது டிரா செய்தாலே இரண்டு படி ஏறலாம் என்பதால் விடாமல் போராடுகிறார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எதிராளியின் சிப்பாய் ஆறாவது வரிசைக்கு வராதவரை தன் யானையை அந்த வரிசையிலேயே வைத்து எதிராளியின் ராஜாவை மறித்தாள். சிப்பாய் ஆறாவது வரிசைக்கு வந்ததும் யானையைப் போர்டின் மறுகோடி வரிசைக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். யாரோ சொல்லிக் கொடுத்துப் படித்திருக்கிறாள். ஒரு ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் எவ்வளவோ முயன்றும் அதை ஜெயிக்க முடியவில்லை. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை எழுத முடியாது.

பிளிட்ஸில் தீர்ப்பது வேண்டவே வேண்டாம். ஐம்பது நிமிடம் யோசித்து ஆடிய ஆட்டத்தின் முடிவை மூன்று நிமிட ஆட்டம் அழிக்கக் கூடாது.

மதுரை_எண்டுகேம்

நான் ஆடுகிறவள் இல்லை, ஆடுகிற பையனுக்கு அம்மா. ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவன் ஒரு ஆன்லைன் குழுவில் ஆடியபோது நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பெரியவர் ஒருவரை அவன் ஜெயித்தான். அன்று இரவே குழுவில் ஒருவர், 'துல்லியம் 96 சதவீதம் காட்டுகிறது, எஞ்சின் போட்டிருப்பான்' என்று, அதாவது கம்ப்யூட்டரைப் பார்த்து ஆடியிருப்பான் என்று, எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதினார். பையன் அதைப் படித்துவிட்டான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவனுடைய சார் அந்த ஆட்டத்தை எடுத்துப் பார்த்தார். எதிராளி பதினான்காவது மூவில் ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு யார் ஆடினாலும் துல்லியம் அப்படித்தான் காட்டும் என்றார். எழுதியவர் பிறகு நீக்கிவிட்டார், ஆனால் என் பையன் அந்தக் குழுவுக்குத் திரும்பப் போகவில்லை.

சார், பிள்ளைகள் இருக்கிற கிளப் என்கிறீர்கள். சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று முதலிலேயே விதி எழுதிவிடுங்கள். லிசெஸ்ஸில் சிறுவர் முறை என்று ஒன்று இருக்கிறது, போட்டால் சேட், தனிச்செய்தி எல்லாம் அடைந்துவிடும். பிள்ளைகளுக்கு அதைப் போடச் சொல்லுங்கள். நேரம் பேசுவதைப் பெற்றோர் நம்பர் வழியாகவே செய்யுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகளுக்கு ஆட்டம் வைக்காதீர்கள்.

உறையூர்_குதிரை

அம்மா, நீங்கள் எழுதியது எல்லா கிளப்பும் படிக்க வேண்டியது. கோவில்பட்டி தம்பி, இதை உங்கள் விதியில் அப்படியே சேருங்கள். பொதுக் குழுவில் யாரும் யார்மீதும் சந்தேகம் எழுதக் கூடாது. இரண்டு பெரியவர்களைப் பொறுப்பாக வையுங்கள், சந்தேகம் அவர்கள் காதுக்கு மட்டும் போகட்டும். அவர்களும் ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. துல்லியம் என்று வருகிற எண், எதிராளி எவ்வளவு மோசமாக ஆடினார் என்பதையும் பொறுத்தது. நான் பார்ப்பது நேரத்தைத்தான். எதிராளி வெட்டியதைத் திருப்பி வெட்டுகிற எளிய மூவுக்கும், நான்கு மூவ் ஆழமாகப் போகிற தியாகத்துக்கும் ஒரே மாதிரி எட்டு வினாடி எடுத்தால் உறுத்தும். அப்போதும் குற்றம் சாட்ட வேண்டாம், 'அடுத்த ஆட்டத்தை வீடியோ காலில் ஆடலாமா' என்று கேட்டால் போதும். இதைவிட நல்லது, முதல் ஐந்து படிகளுக்கான ஆட்டமெல்லாம் வீடியோ காலில்தான் என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிடுவது. யாரையும் தனியாகக் கேட்ட மாதிரி ஆகாது.

நெட் போவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்ட் 30 அன்று ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட் இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. முதல் சுற்று 3-3. இரண்டாவது சுற்றில் இணையம் உலகின் பல இடங்களில் தடுமாற, இந்திய அணியின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் தொடர்பு அறுந்து, கடிகாரம் ஓடி, இருவரும் நேரத்தில் தோற்றார்கள். இந்தியா முறையிட்டது, ஃபிடே இரண்டு நாட்டுக்கும் சேர்த்துத் தங்கம் கொடுத்தது. அங்கே முறையிடக் குழு இருந்தது, கோளாறு உலகத்துக்கே தெரிந்தது. உங்கள் ஆள் வீட்டில் கரண்ட் போனது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே யாரையும் விசாரிக்கத் தேவையில்லாத விதி வேண்டும். தொடர்பு போனவரின் கடிகாரம் ஓடட்டும், அதற்குள் திரும்பி வந்தால் ஆட்டம் தொடரட்டும். எதிராளிக்கு 'வெற்றி கோரு' என்று ஒரு பட்டன் வரும், அதை அழுத்தக் கூடாது. கடிகாரம் தீர்ந்தும் வரவில்லை என்றால், பத்து மூவுக்குள் போயிருந்தால் அதே நிறத்தில் புதிதாக ஆடுங்கள். பத்தைத் தாண்டியிருந்தால் கடிகாரம் சொல்வதே முடிவு. அப்புறம், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை நாளை முன்கூட்டியே பேப்பரில் போடுகிறது. பகலில் ஆடுகிறவர்கள் அன்றைக்கு நேரம் கொடுக்க வேண்டாம்.

கணக்கு எழுத ஒரு கூகுள் ஷீட் போதும். படி, பெயர், யாரோடு சவால் நிலுவையில் இருக்கிறது, கெடு தேதி, இந்த நான்கு பத்தி. எல்லோரும் பார்க்கலாம், நீங்களும் இன்னொருவரும் மட்டும் திருத்தலாம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் ஆட்டத்தின் லிங்கைக் குழுவில் போட வேண்டும். தேதி, நேரம், முடிவு, ஒவ்வொரு மூவும் அந்த லிங்கிலேயே இருக்கிறது, வாக்குவாதத்துக்கு இடமில்லை.

இதெல்லாம் போட்டி நடக்கத் தேவையானது. கிளப்பாக இருக்கத் தேவையானது வேறு ஒன்று. உங்கள் மாடியில் ஆட்டம் முடிந்ததும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். காய்களை யாரும் பெட்டியில் போட மாட்டார்கள். 'இந்தக் குதிரையை இங்கே வைத்திருந்தால்?' என்று ஒருவர் பின்னால் போவார், வேடிக்கை பார்த்தவர் கையை நீட்டி ஒரு மூவ் வைப்பார், அரை மணி நேரம் ஓடிவிடும். பலர் செஸ் கற்றுக்கொண்டதே அந்த அரை மணி நேரத்தில்தான். ஆன்லைனில் ஆட்டம் முடிந்ததும் திரை மூடிவிடுகிறது, தோற்றவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அதனால் எங்கள் ஏணியில் ஒரு விதி உண்டு: ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் இருவரும் ஃபோனில் பேச வேண்டும். லிசெஸ்ஸில் ஸ்டடி என்று ஒரு வசதி இருக்கிறது, இருவரும் ஒரே போர்டைத் திறந்து காயை நகர்த்திப் பார்க்கலாம். அந்தப் பத்து நிமிடமும் எஞ்சினை அணைத்து வைக்க வேண்டும். எஞ்சின் விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் பேச ஒன்றும் இருக்காது. ஜெயித்தவர் தன் பயத்தைச் சொல்ல வேண்டும், 'நீ இங்கே சிப்பாயைத் தள்ளியிருந்தால் எனக்குக் கஷ்டம்' என்று. தோற்ற பிள்ளை ஃபோனை வைக்கும்போது அடுத்த சவாலை யோசித்துக்கொண்டிருக்கும்.

ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பக் கிளப்புக்குள் வருவதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான். உங்கள் சிங்கப்பூர்க்காரருக்கும் ஏழாம் வகுப்புப் பையனுக்கும் வேறு எந்த வழியில் பேச்சு தொடங்கும்?

கோவில்பட்டி_யானை

மதுரை அக்கா, ஐயா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிட்டோம். அக்கா சொன்னதுதான் முதல் விதி. டிராவுக்கு ஐயா சொன்ன வழியை இரண்டு கட்சியும் ஏற்றுக்கொண்டது, பிளிட்ஸ் கட்சி மட்டும் அரை மனசாக. பத்து நிமிடப் பேச்சைப் பார்த்துவிட்டு ஷார்ஜாவில் இருக்கிற எங்கள் ஆள், 'ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை, இது வேணும்' என்று எழுதினார்.

கடைசியாக ஒன்று ஐயா. முதல் படியில் இருக்கப்போகிறவர் எங்களில் ரொம்ப பலசாலி. அவர் மேலே சவால் விட ஆளே இல்லை. கீழே இருந்து இரண்டு பேர்தான் வர முடியும். அவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிடாதா?

உறையூர்_குதிரை

ஆகும். முதல் படிக்கு மட்டும் தூரத்தைத் தளர்த்தி, ஐந்தாம் படி வரை யார் வேண்டுமானாலும் அவரைச் சவாலுக்கு அழைக்கலாம் என்று வையுங்கள். அதோடு மாதம் ஒரு ஞாயிறு அவரை ஒரே நேரத்தில் பலரோடு ஆடச் சொல்லுங்கள், லிசெஸ்ஸில் அதற்கென்றே தனி வசதி இருக்கிறது. 15-ஆம் படிக்குக் கீழே இருப்பவர்களை மட்டும் சேருங்கள், ஏணியில் இப்போதைக்கு அவரை எட்ட முடியாதவர்கள் அவர்கள்தான். மாடியில் இருப்பவர்கள் அங்கிருந்தே சேரலாம், வெளியூர்க்காரர்கள் ஃபோனில் சேரலாம். ஏழரை மணிக்குத் தொடங்குங்கள்.